பழைய காரின் கியர்ப் பெட்டிக்கு ஓர் இரும்புத் தாங்கி
(வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உரை என்றதும் புராணமோ தத்துவமோ கேட்க வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று நாம் பேசப் புகுவது, பழைய கார்களின் கியர்ப் பெட்டியைக் கழற்றிப் பூட்டுவதற்கு ஒரு தாங்கி செய்வது பற்றியாகும். ஆயுத பூசையன்று சந்தனம் வைத்து வணங்கிய கருவிகளை மறுநாள் கையில் எடுக்கவும் வேண்டுமல்லவா?

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அதுவும் ஒஸ்ரின் ஏ40 போன்றனவும் யாழ்ப்பாண வீதிகளில் எத்துணை காலம் உழைத்தன என்பதை உங்கள் தகப்பன்மார் அறிவர். 1990களில், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதாயிருந்தபோது, சில துளி பெற்றோலிலே கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவையும் இவையே. இவற்றின் இஞ்சினைத் திருத்தப் பலர் முன்வருவர். கியர்ப் பெட்டி என்றால் தயங்குவர். அத்தயக்கத்துக்குக் காரணம் அறிவுக் குறைவன்று, பெட்டியைப் பிடித்துவைக்க வழியில்லாமையே என்பது எமது எண்ணம்.

நிலத்தில் சாக்கை விரித்து, ஒருவர் பெட்டியை அணைத்துப் பிடிக்க மற்றவர் திறப்பதையே எங்கும் காண்கிறோம். பெட்டி உருளும், விரல் நசுங்கும். ஒரு மணல் பேரிங்கினுள் புகுந்தால் செய்த வேலை அத்தனையும் பாழ். பற்சில்லு ஒன்று கைதவறி விழுந்து பல் உடைந்தாலோ, உற்பத்தி நின்று 50 ஆண்டு கடந்த வண்டிக்கு மாற்றுச் சில்லு கடல் கடந்து தேட வேண்டும்.

இரண்டங்குல ஆங்கிள் இரும்பில் அகன்ற அடிச்சட்டம் ஒன்றும், அதன்மேல் இடுப்பளவு உயரமான இரு கால்களும் போதும். பெட்டியைப் பற்றும் சட்டத்திலேதான் கவனம் வேண்டும். பலர் கனத்த தகடொன்றில் துளையிட்டுப் பெட்டியின் முன்வாயை அதில் இறுக்கிவிடுவர். மொறிஸ் மைனரில் முன் மூடி அந்த வாயின் உள்ளேயே இருக்கிறது; முதல் தண்டும் அவ்வழியேதான் வெளிவரும். தகடு அடைத்துக்கொண்டால் கை எப்படிப் போகும்? ஆகையால் நடுவே திறந்த சதுரச் சட்டமே வேண்டும். போல்ட்டுத் துளைகளுக்கு அளவுகோல் வேண்டாம். வாயின்மேல் காகித அட்டையை வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்ட, அச்சு விழும்.

அடுத்து, பெட்டியை ஓர் உருளைக் கம்பியின்மேல் குறுக்கே வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எவ்விடத்தில் சாயாமல் நிற்கிறதோ அவ்விடமே பாரத்தின் மையம். சட்டத்தின் இரு பக்கத்திலும் நீட்டுக் கைகளை ஒட்டி, சுழலும் அச்சு அந்த மையத்துக்கு நேரே வரச் செய்தால் ஒற்றைக் கையால் பெட்டியைப் புரட்டலாம். ஓரங்குலக் குழாய் ஒன்றேகால் அங்குலக் குழாயினுள் வேண்டிய தளர்வோடு சுழலும். இரண்டையும் ஊடுருவித் துளையிட்டு ஓர் ஆணி செருகினால் நின்ற நிலையில் நிற்கும். சில்லுகள் வெளியேற மையமும் மாறும். ஆதலால் ஆணியில்லாமல் ஒருபோதும் வேலை செய்யலாகாது.

புரட்டுவதன் பயன் பூட்டும்போதே தெரியும். கீழ்த்தண்டில் ஓடும் கூட்டுச் சில்லை முதலில் பெட்டியின் அடியில் கிடத்திவிட்டு, மேல் தண்டுகளைப் பூட்டிய பின்னரே அதை உயர்த்தித் தண்டு செருக வேண்டும். நிலத்தில் வைத்துச் செய்பவர்கள் கம்பியால் நெம்பித் துன்பப்படுவர். தாங்கியிலோ பெட்டியைத் தலைகீழாக்கினால் கூட்டுச் சில்லு தன் பாரத்தினாலேயே மேற்சில்லுகளோடு பல் பொருந்தி வந்து அமரும். தண்டு வழுக்கிக்கொண்டு போகும். அதைக் கண்ட ஒரு வாலிபர், “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான்.

கீழே ஒரு தகரத் தட்டு வையுங்கள். ஒயிலுக்காக மட்டுமன்று; சிங்குரோ வளையத்தின் நடுக்குடத்தைக் கழற்றும்போது சிறு குண்டுகள் வில்லோடு பாய்ந்தோடும். குடத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு கழற்றுவது உத்தமம். பூட்டியபின் இப்பெட்டிக்கு ஊற்றவேண்டியது இஞ்சின் ஒயிலே. கடைக்காரர் தடித்த கியர் ஒயிலைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

நாம் செய்த தாங்கி சங்கக் கொட்டிலில் நிற்கிறது. வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள், வெளியே மண்ணெண்ணெயால் நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவரலாம்.