வான்படைக்கு மண்ணே அரண்



விண்ணிலே விமானம் பறந்தால் அண்ணாந்து பார்க்கிறோம். அதனைச் செலுத்துவோனின் ஆற்றலைப் போற்றுகிறோம். போற்றுவோம், தவறில்லை. ஆனால், பறந்த விமானம் இறங்க மண்ணிலே ஓரிடம் வேண்டுமே! அவ்விடத்தை அல்லும் பகலும் காத்து நிற்பவனை எண்ணிப் பார்த்தோமா?

மத்தியதரைக் கடலிலே கிரீட் என்றொரு தீவு. 1941 மே 20 காலை, இட்லரின் பாராசூட் வீரர்கள் அங்கே குதித்தனர். மாலமி விமான தளத்தைக் காத்து நின்றது நியூசிலாந்தின் 22ஆவது பட்டாளம். பிரிட்டிஷ் விமானங்களோ முன்னரே தீவைவிட்டு அகன்றுவிட்டன. விமானம் போயிற்று, ஓடுபாதை இருந்தது. அதனைப் பாழாக்கவும் இல்லை, காக்கப் போதிய படை தரவும் இல்லை!

தளத்திலிருந்த விமானப்படைப் பணியாளர்கள் பட்டாளத் தலைவரின் ஆணைக்கு உட்பட்டவரல்லர். ஒரே களம், இரண்டு அதிகாரம்! தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. ஓடுபாதையோரம் நின்ற கம்பெனிகள் அழிந்தன என்றெண்ணிய தலைவர், இரவிலே பின்வாங்கினார். அழிந்தனவா? இல்லை, தோழர்களே! அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றனர். செய்திதான் சென்று சேரவில்லை. மறுநாள் ஜெர்மானிய விமானங்கள் மலைப்படையினரைச் சுமந்து அதே ஓடுபாதையில் இறங்கின. ஜூன் 1இல் கிரீட் வீழ்ந்தது.

அடிபட்ட பின்னரே அறிவு பிறந்தது. ஒவ்வொரு விமான தளமும் ஓர் அரணாக வேண்டும் என்றார் சர்ச்சில். 1942 பிப்ரவரி 1இல், விமானப்படைக்கென்றே தரைப் படையொன்று அமைந்தது. தளத்தைச் சுற்றி ரோந்து வருவது, ஊடுருவுவோரைத் தடுப்பது, விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்குவது அதன் பணி. 1945 மார்ச்சில், பர்மாவின் மெய்க்டிலாவிலே அப்படையினர் காலைதோறும் ஓடுபாதையைத் துருவி, இரவில் புகுந்த ஜப்பானியரை விரட்டிய பின்னரே விமானங்கள் இறங்கின. முற்றுகைக்குள்ளான இந்திய 17ஆவது டிவிஷனுக்கு உணவும் தோட்டாவும் வந்தது அவ்வழியே!

பழங்கதை என்பீரோ? 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டபோது, உயிர்நீத்த காவலர் எழுவர். அவர்களுள் ஐவர், படைப்பணி முடித்தபின் மீண்டும் காவற்பணி ஏற்றவர்கள்!

விலையுயர்ந்த விமானம் வாங்கினால் விழா எடுக்கிறோம். வாயிற்காவலனுக்கு நல்ல ஆயுதமும், அறுபடாத செய்தித் தொடர்பும், தெளிவான தலைமையும் உண்டா என்று கேட்பதும் மக்களாட்சியின் கடமையன்றோ! பறப்பவனுக்குப் புகழ் சேரட்டும். அவன் திரும்பிவர நிலம் காப்பவனுக்கு உரியதும் சேரட்டும்!