விதைப்பதற்கு முன்னால் வீட்டில் கலந்து பேசுங்கள்
(வானொலிப் பேச்சு)



சம்பா பட்டம் நெருங்கிவிட்டால் நம் காவிரிப் பாசனப் பகுதியில் என்ன ரகம் போடுவது, எவ்வளவு கடன் வாங்குவது என்பதெல்லாம் டீக்கடையிலேயே முடிவாகிவிடும். அப்புறம் வீட்டுக்கு வந்து, "அந்தச் சங்கிலியைக் கழற்றிக் கொடு, பேங்க்கிலே வைக்கணும்" என்போம். கழுத்தில் கிடப்பதைக் கேட்கிறோம். கருத்தைக் கேட்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. பல ஊர்களில் நடவுக்கும் வந்துவிட்டது. ஆனாலும் கை நடவு, களையெடுப்பு, விதை நெல்லைக் காய வைத்துக் காப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. குனிந்து களை பறிக்கிறவர்களுக்குத்தான் எந்த வயலில் கலவன் அதிகம், எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று தெரியும். எந்த அரிசி பழைய சோற்றுக்குத் தாங்கும், எந்த வைக்கோலை மாடு விரும்பித் தின்னும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்தவர்களை விட்டுவிட்டு முடிவெடுத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த விவசாயி பயிற்சிக்குப் போய், திருந்திய நெல் சாகுபடியைக் கற்று வந்தார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடவன்று காலையில் கயிற்றைக் கட்டி, "25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, குத்துக்கு ஒரே நாற்று" என்றார். பதினான்கு நாள் நாற்றைப் பார்த்ததும் நடவுப் பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கப்படி வேரை அலசி, ஆழமாக ஊன்றினார்கள். பாதி நாற்று அழுகிப் போயிற்று. "முறையே சரியில்லை" என்று அவர் கைவிட்டுவிட்டார்.

அவர் மனைவி விடவில்லை. அடுத்த வருஷம், "நானும் பயிற்சிக்கு வர்றேன்" என்று கிளம்பினார். இளம் நாற்றை வேர் மண்ணோடு எடுத்து, அரைமணி நேரத்துக்குள் மேலாக நட வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டார். வந்ததும் நடவுப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினார். "களைக்கருவியை ஆம்பிளைங்க உருட்டினா எங்க களைக் கூலி என்னாவறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே! "நீங்களே உருட்டுங்க, கூலி உங்களுக்கே" என்றார் அந்த அம்மா. முதலில் ஒரு மா நிலத்தில் மட்டும் பார்ப்போம் என்றும் சொன்னார். அந்த ஒரு மாவில் பயிர் நன்றாகத் தூர் கட்டியது. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்பதால் விதை நெல்லும் மிச்சமாயிற்று.

ஆகவே, மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, விதைப்பதற்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ரகம், சாப்பாட்டுக்கு எத்தனை மூட்டை, விதைக்கு எவ்வளவு, விற்பது எவ்வளவு, வைத்த நகையை எப்போது மீட்பது எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, பயிற்சிக்கும் வயல் விழாவுக்கும் வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள்.

மூன்றாவது, பட்டா. பூர்வீகச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு உண்டு என்று 1989-இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2005-இல் நாடு முழுமைக்கும் அப்படியே திருத்தம் வந்தது. ஆனாலும் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரிலேயே கிடக்கிறது. கணவர் காலமானபின், அதே நிலத்தில் முப்பது வருஷம் பாடுபட்டவள் பயிர்க் கடனுக்கும் மானியத்துக்கும் காகிதத்தோடு அலைய வேண்டியிருக்கிறது. நீங்கள் இருக்கும்போதே அவர் பெயரையும் சேர்ப்பதற்கு வழி பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரை நாளைக்கே போய்க் கேளுங்கள்.

தாய்மார்களே, நீங்களும் "எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். இந்தப் பட்டத்திலேயே ஆரம்பியுங்கள்.