நாம் குடியேறிய நிலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாட்டியமும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில், பூகோளத்தையும் ஜனத்தொகையையும் பற்றிப் பேச எனக்குப் பணித்திருக்கிறார்கள். நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன்; பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வேயில் கணக்கேடுகளோடு காலம் கழிக்கும் ஒரு குமாஸ்தா. ஆகவே என் பேச்சில் அணியலங்காரங்களை எதிர்பாராமல், இடங்களையும் எண்களையும் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று நம்மை யாரேனும் வினவினால், திருநெல்வேலி என்போம், தஞ்சாவூர் என்போம், பாலக்காடு என்போம். "இங்கே காலனியில் இருக்கிறோம்" என்று அதன்பின் சொல்வோம். இருபது ஆண்டுகள், முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள் கூட அப்படியே கூறுகிறார்கள். பிறந்த மண்ணை மறவாமை நற்பண்பே. ஆனால் நம் குழந்தைகள் பிறந்து வளரும் மண்ணை ஊர் என்று எண்ணாது, தங்குமிடம் என்று மட்டும் எண்ணுவது தகுமா? ஓரிடத்தை நம் ஊர் என்று சொல்ல வேண்டுமானால், அதன் நிலத்தையும் அதன் மக்களையும் முதலில் அறிதல் வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நவி மும்பைக்கு மேற்கே தாணாக் கடற்கழி. அதற்கு அப்பால் மும்பை. கிழக்கே பார்ஸிக் குன்றுத்தொடர். இவ்விரண்டுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் ஐரோலி, கன்ஸோலி, கோபர்கைர்ணே, வாஷி, ஸான்பாடா, நெருள், பேலாப்பூர் ஆகிய பகுதிகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. அதற்கும் தெற்கே கார்கர், காமோட்டே, களம்போலி, புதுப் பன்வேல். உரண் பக்கமாக உல்வே, துரோணகிரி. திட்டமிட்ட நகரத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர். இதன் வட பகுதி 1992-ஆம் ஆண்டு முதல் நவி மும்பை மாநகராட்சியின் ஆளுகையில் உள்ளது; தென் பகுதியில் பன்வேல் மாநகராட்சி 2016-ஆம் ஆண்டில் தோன்றியது.

நம் வீடுகள் நிற்கும் இந்நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் நெல்வயலாகவும் உப்பளமாகவும் சதுப்பாகவும் இருந்தது. கழியை ஒட்டிய இடங்கள் கடல் ஏற்றத்தின் மட்டத்துக்கும் தாழ்ந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையோ 2,000 மில்லிமீட்டருக்கு மேல். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் கூடினால் ஊர் என்னாவது? இதற்காகவே நகரத்தை அமைத்தவர்கள், ஹாலந்து நாட்டு முறையைத் தழுவி, கழியோரமாகத் தேக்கக் குளங்களை வெட்டினார்கள். கடல் ஏறும்போது மடைக் கதவுகள் அடைபட்டு உப்புநீரைத் தடுக்கும். அந்நேரம் பெய்யும் மழைநீர் குளத்தில் தங்கும். கடல் வற்றும்போது கதவுகள் திறந்து நீர் வெளியேறும். மாலையில் நாம் உலாவப் போகும் குளக்கரை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. நம் வீட்டு வாயிலைக் காப்பது அக்குளமே. கழியோரத்து அலையாத்திக் காடும் அவ்வாறே நமக்கு அரணாக நிற்கிறது. அக்கழிக்கு ஆண்டுதோறும் செங்கால் நாரைகளைப் போன்ற பூநாரைகள் பல்லாயிரம் வருகின்றன. கழியின் மேற்குக் கரைப் பகுதி 2015-ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இனி மக்களைப் பார்ப்போம். மும்பை நகரம் மக்கள் நெருக்கத்தால் மூச்சுத் திணறிய காலத்தில், கழிக்குக் கிழக்கே ஒரு புதிய நகரம் எழுப்பலாம் என்று சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் என்னும் மூவர் 1965-ஆம் ஆண்டில் 'மார்க்' என்ற பத்திரிகையில் தம் கருத்தை வெளியிட்டனர். 1970-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சிட்கோ என்ற அரசுக் கழகம் அதற்கென்று நிறுவப்பட்டது. இருபது லட்சம் மக்கள் வாழத்தக்க நகரம் என்பது திட்டம். 1973-இல் வாஷிப் பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் மக்கள் உடனே திரண்டு வந்துவிடவில்லை. வேலை மும்பையில் இருக்க, வீடு மட்டும் இங்கிருந்தால் யார் வருவார்?

நிலைமையை மாற்றியது ரயில். 1992-ஆம் ஆண்டில் மான்கூர்டிலிருந்து வாஷிக்குக் கழியைக் கடந்து ரயில் வந்தது. இதன் செலவில் மூன்றில் இரண்டு பங்கு சிட்கோவும், ஒரு பங்கு ரயில்வேயும் ஏற்றன. பின்னர் இப்பாதை பேலாப்பூருக்கும் பன்வேலுக்கும் நீண்டது. 2004-இல் தாணாவிலிருந்து வாஷிக்கு வேறொரு பாதை திறந்தது. இதற்கிடையே மும்பையின் மொத்த வியாபாரச் சந்தைகள் வாஷிக்கு வந்துசேர்ந்தன. 1989-இல் நாவா ஷேவாத் துறைமுகம் திறக்கப்பட்டது.

இதன் விளைவை எண்களே சொல்லும். 1991-ஆம் ஆண்டுச் சென்ஸஸில் மாநகராட்சிப் பகுதியின் மக்கள் தொகை 3 லட்சத்துச் சொச்சம். 2001-இல் அது 7 லட்சத்தைத் தாண்டியது. 2011-இல் 11 லட்சத்து 20 ஆயிரம் அளவுக்கு உயர்ந்தது. இருபது ஆண்டுகளில் மூன்றரை மடங்கு! பிறப்பினால் மட்டும் ஓர் ஊர் இவ்வாறு பெருகாது, வருகையினால் பெருகியது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இடநெருக்கடியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், சொந்த வீடு என்ற ஆசையோடு கழியைக் கடந்து வந்தன. அவ்வெண்களில் நாமும் அடக்கம்.

வந்தவர்களின் கதை இது. முன்பே இருந்தவர்களின் கதையையும் கேட்க வேண்டும். இந்நகரத்துக்காக 95 கிராமங்களின் நிலம் குறிக்கப்பட்டது. அங்கே பரம்பரையாக வாழ்ந்தவர்கள், நெல்லும் உப்பும் விளைத்த ஆக்ரி மக்களும், கழியில் மீன்பிடித்த கோளி மக்களும் ஆவர். நிலத்துக்குத் தகுந்த ஈடு வேண்டும் என்று அவர்கள் தி. பா. பாட்டீல் அவர்களின் தலைமையில் போராடினர். 1984-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், உரண் அருகே ஜாஸயிப் பகுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிர் துறந்தனர். அப்போராட்டத்தின் பயனாகவே, எடுத்த நிலத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கைச் சீர்திருத்திய மனையாகத் திருப்பித் தரும் ஏற்பாடு பிறந்தது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட விமான நிலையத்துக்காகவும் பத்துக் கிராமத்தார் தம் இல்லங்களை விட்டு அகன்றனர்.

அன்பர்களே, நாம் நாள்தோறும் ரயிலில் கேட்கும் வாஷி, துர்பே, நெருள் முதலிய பெயர்கள் ஏதோ அலுவலகத்தில் உட்கார்ந்து வைத்த பெயர்கள் அல்ல. அவை அக்கிராமங்களின் பெயர்களே. கிராமங்களும் அழிந்துவிடவில்லை. நம் செக்டர்களுக்கு நடுவே, குறுகிய தெருக்களோடும் சிறு கோயில்களோடும் காவ்டாண் என்ற பெயரில் அவை இன்றும் வாழ்கின்றன. திவாளேயில் இன்றும் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. நம் வீட்டுச் சாளரத்திலிருந்து காவ்டாணைக் காண்கிறோம். அதனுள் சென்று, அங்குள்ள முதியவர் ஒருவரோடு நான்கு வார்த்தை மராட்டியில் பேசியவர் நம்மில் எத்தனை பேர்? அவர்களுடைய நிலத்தில் நாம் வாழ்கிறோம். விலை கொடுத்துத்தான் வாங்கினோம், ஐயமில்லை. ஆனால் விலையோடு நன்றியும் தீர்ந்துவிடுவதில்லை.

நிற்க. 2021-ஆம் ஆண்டில் நடந்திருக்க வேண்டிய சென்ஸஸ் பெருந்தொற்றினால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் முதல் தேதியை ஆதார நாளாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025-இல் அறிவிப்பு வெளியாயிற்று. கணக்கெடுப்பவர் நம் வாயிலுக்கு வரும்போது அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்புவது நம்மில் பலருக்கு வழக்கம். அது கூடாது. 2011-இல் கேட்ட கேள்விகளில் பிறந்த இடம், முன்பு வசித்த இடம், தாய்மொழி, அறிந்த பிற மொழிகள் ஆகியவை இருந்தன. தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி என்பதே சென்ஸஸ் கொண்டுள்ள பொருள். பள்ளியில் ஆங்கிலம் பயிலும் நம் குழந்தைக்கும் தாய்மொழி தமிழே. அதைக் கூசாமல் எழுதச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர் 2011-இல் 5 லட்சத்துக்கு மேல். அந்தத் தொகை குறைந்தால், தமிழ் வகுப்பு வேண்டும், தமிழ் நூலகம் வேண்டும் என்று நாம் கேட்கும் குரலும் தாழ்ந்து போகும்.

அதே குழந்தையின் பிறந்த இடம் என்ற கட்டத்தில் நெருள் என்றோ வாஷி என்றோதான் எழுதப்படும். அறிந்த பிற மொழிகள் என்ற இடத்தில் மராட்டி என்று எழுதும் தகுதியும் அக்குழந்தைக்கு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தமிழ் என்ற ஒரு சொல்லும், இவ்வூரின் பெயரும், மராட்டி என்ற மற்றொரு சொல்லும் ஒரே வரியில் அமையும்போது அவற்றுக்குள் பகை ஏதும் இல்லை. அவ்வரியே நம் குடும்பங்களின் உண்மையான வரலாறு.

ஆகவே சங்கத்துக்கு என் விண்ணப்பம் மூன்று. நம் இளைஞர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கழியோரத்துக்கும் தேக்கக் குளங்களுக்கும் அழைத்துச் சென்று அவற்றின் பயனை விளக்குங்கள். குப்பை கொட்டித் தூர்ப்பவர் யாராயினும் தடுத்துரைக்கும் துணிவு அவர்களுக்கு அதனால் வரும். நம் பொங்கல் விழாவுக்கு அண்டையிலுள்ள காவ்டாண் பெரியோர்களை அழையுங்கள். அறுவடையின் அருமை அவர்களுக்குத் தெரியும். தமிழ் வகுப்பு நடக்கும் இதே மண்டபத்தில் பெரியவர்களுக்கு மராட்டி வகுப்பு ஒன்றும் தொடங்குங்கள். முதல் மாணவனாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.