குப்பை மேடும் குடிநீர்க் கிணறும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி ஒன்றின் முன்பு இப்பொழுது ஒரு கோரிக்கை நிற்கிறது. அருகிலுள்ள நகரத்தின் குப்பையை அவ்வூரின் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டிக்கொள்ள இசைவு தரவேண்டும். அதற்கு ஈடாக ஊராட்சிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கிடைக்கும் என்பதே அது. பள்ளமும் தூர்ந்துவிடும், நிதியும் வரும், இதில் என்ன கெடுதல் என்று உறுப்பினர் சிலர் என்னிடம் வினவினர். வினாவில் நியாயம் இல்லாமலில்லை. தெருவிளக்கின் மின்கட்டணத்துக்கே திண்டாடும் ஊராட்சிக்குப் பணம் வேண்டாத பொருளன்று. ஆயினும் தீர்மானத்தில் கையொப்பமிடுமுன், குப்பையின்மேல் மழை பெய்தால் என்ன நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

மழைநீர் குப்பைக்குள் இறங்குகிறது. உள்ளே காற்றின்றி அழுகும் பொருள்களிலிருந்து ஒருவகைப் புளிப்பு அமிலங்கள் உண்டாகின்றன. அந்நீர் பழைய பாட்டரிகளிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும், பதனிட்ட தோல் துண்டுகளிலுள்ள குரோமியத்தையும், உடைந்த குழல்விளக்குகளிலுள்ள பாதரசத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு, கருநிறக் கசிவுநீராக அடியில் வெளிப்படுகிறது. ஒரு பகுதி மேலே வழிந்து ஓடைக்கும் ஏரிக்கும் செல்லும். அதை நாம் கண்ணால் காண்கிறோம், மூக்கால் அறிகிறோம். மறு பகுதியே அதிக ஆபத்தானது. அது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. நம்முடையதோ பாறைப் பாங்கான பூமி. இங்கே நீர் பாறை வெடிப்புகளின் வழியே நடமாடுகிறது. ஆகவே எந்தக் கிணறு முதலில் கெடும் என்று ஜோசியம் சொல்ல இயலாது. குவாரிப் பள்ளமோ வெடி வைத்துப் பிளந்த பாறை. பல இடங்களில் அதன் அடித்தளம் நீர்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. குப்பை கொட்டுவதற்கு அதைவிடப் பொருந்தாத இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், ‘ஓடை’ என்ற சொல்லின் பொருளிலேயே நிலத்துக்கடியில் உள்ள நீரையும் சேர்த்திருக்கிறது. ஓடையிலோ கிணற்றிலோ நஞ்சு சேருமாறு தெரிந்தே விடுவதை அது தடை செய்கிறது. அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு, நம் மாநிலத்தில் 1982இல் நிறுவப்பட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சார்ந்தது. மத்திய சர்க்கார் 2016இல் வெளியிட்ட திடக்கழிவு விதிகளில் அளவுகளே வரையறுக்கப்பட்டன. குப்பை நிரப்பும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. அடியில் 90 சென்டிமீட்டர் கெட்டிக் களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள நீர்புகாத் தாள். களிமண்ணின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி. மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 சென்டிமீட்டர் வரை மண் மூடுதல். மூடிய பிறகும் 15 ஆண்டுகள் பராமரிப்பு. இத்தனையும் செய்து தருகிறோம் என்று குப்பை லாரிக்காரர் எவராவது உங்களிடம் சொன்னதுண்டா?

அண்டை மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். திருவனந்தபுரம் மாநகரின் குப்பையை உரமாக்கும் நிலையம் 2000ஆம் ஆண்டில் விளப்பில்சாலை என்னும் கிராமத்தில் தொடங்கப்பட்டது. உரமாகாத குப்பை குவிந்தது. கசிவுநீர் மீனம்பள்ளி ஓடையில் இறங்கியது. முடிவில் 2011 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்தே நிலையத்தின் வாயிலைப் பூட்டியது. அதன்பின் மாநகரம் தன் குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே ஆங்காங்கு மக்கச் செய்யும் வழிக்கு வரவேண்டியதாயிற்று. பூட்டுப் போட்டது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பூட்டினாலும் ஓடைக்குள் இறங்கியதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் நாம் கருதவேண்டியது.

நீர் கெட்டதை எவ்வாறு அறிவது? ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டுள்ள சோதனைப் பெட்டியில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் முதலியவற்றைப் பார்க்கலாம். ஈயத்தை அது பொதுவாகக் காட்டாது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அத்தனை நுண்ணிய அளவை ஆய்வகமே கூறமுடியும். நைட்ரேட்டுக்கு எல்லை 45 மில்லிகிராம். அது மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாயும். தாய்மார்கள் நீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். காய்ச்சுவதால் கிருமி சாகும். நைட்ரேட்டோ நீர் சுண்டுவதால் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

நகரத்தாரை மட்டும் குறை கூறுவது முறையன்று. நம் சொந்த ஊர்க் குப்பை எங்கே போகிறது? பல ஊர்களில் ஏரிக்கரைக்குத்தான். அதில் பூச்சிமருந்து டப்பாவும் கிடக்கிறது. மட்கும் குப்பையை வீட்டுக் கொல்லையிலேயே எருக்குழியில் இடுவது நம் பாட்டனார் கண்ட வழி. பாட்டரியையும் குழல்விளக்கையும் மட்டும் பிரித்து ஊராட்சி அலுவலகத்தில் ஓர் இரும்புப் பெட்டியில் சேர்த்துவைத்தால், உரியவரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யலாம்.

கோரிக்கை வந்துள்ள ஊராட்சியின் உறுப்பினர்களுக்கு என் யோசனை இதுவே. தீர்மானத்தைக் கிராம சபையின் முன் வையுங்கள். வாரியத்தின் அனுமதி உத்தரவையும், நிலத்தடி நீர்மட்ட அறிக்கையையும் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழி உறுதி எதையும் ஏற்கவேண்டாம். முடிவு எதுவாயினும், இந்த மாதத்திலேயே பள்ளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுகளை ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இன்றைய நீர் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், நாளை கெட்டதென்று எவரிடமும் நிரூபிக்க இயலாது. மாதிரி எடுக்கும் புட்டியை ஆய்வகத்திலிருந்தே பெற்றுக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் புட்டியைக் கழுவி அனுப்பினால் முடிவு பயன்படாது. கிணற்றுச் சொந்தக்காரரின் ஒப்பம், நாள், நேரம் ஆகியவற்றைச் சீட்டில் குறித்து ஒட்டுங்கள். சீட்டுகளை ஒன்றிய அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.