சேர்ந்து கற்றால் தொழில் கைகூடும்

தொழிலதிபர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையத்தில் ராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலையைத் தொடங்கினார். அந்த ஊருக்கு இன்றும் சோறு போடுவது பஞ்சும் நூலும்தான். ஆனால் நூற்பாலையில் யாரும் தனியாக நூற்பதில்லை. நூல் நூற்கும் ரிங் பிரேமில் இழை அடிக்கடி அறுந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். அதற்கு முந்தைய கட்டங்களான கார்டிங்கிலோ டிராயிங்கிலோ சிம்ப்ளெக்ஸிலோ கூட இருக்கலாம். எல்லாப் பிரிவு ஆட்களும் கலந்து பேசினால்தான் காரணம் பிடிபடும். கைப்பக்குவமும் அப்படித்தான், ஒருவரோடு நிற்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு ஒரு கடைக்கானதல்ல, ஊருக்கே உரியது. அப்படியிருக்க, ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் மட்டும் ஏன் தனித்தனியே படிக்க வேண்டும்?

குழுவாக விட்டால் கெட்டிக்காரர் ஒருவரே வேலையை முடிப்பார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கவலைதான். ஆனால் கோளாறு குழுவில் இல்லை, வேலையைப் பங்கிடாததில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் உருவாக்கிய முறை இதற்கு உதவும்: பாடத்தில் ஆளுக்கொரு பகுதி, அதை அவரே மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அப்போது யாரும் ஒதுங்கி நிற்க முடியாது. மதிப்பெண்ணைத் தனித்தனியாகவே போடலாம். ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு செய்முறை வகுப்பையாவது இப்படி நடத்திப் பாருங்கள்.