கிறிஸ்துமஸ் விருந்துக்கு வேறு வழிகள்
ஜெஞ்சாரோமில் மூத்தோர் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை



நான் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. மொழிபெயர்ப்பாளர். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. 'இனிப்பு, எண்ணெய், உப்பு மூன்றையும் குறையுங்கள்' என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வரி சரியானதுதான். ஆனால் டிசம்பர் 24ஆம் தேதி இரவு அடுப்பில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கிறது, மகன் குடும்பத்தோடு சுபாங்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், கோயிலுக்குப் போகச் சேலை மாற்றக்கூட நேரமில்லை. அப்படி நிற்கும் ஓர் அம்மாவுக்கு அந்த வரி ஒன்றும் சொல்வதில்லை. அந்த இரவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இங்கே கிறிஸ்துமஸ் சமைப்பவர்களும் இருக்கிறீர்கள், பெருநாள் வீட்டுக்கு அழைப்பின்பேரில் போய்ச் சாப்பிடும் இந்து அன்பர்களும் இருக்கிறீர்கள். இருவருக்கும் இதில் வேலை உண்டு.

2018ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வு மூத்தோரைப் பற்றியது. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், நான்கில் ஒருவருக்கும் மேல் நீரிழிவு, அதாவது நாம் இனிப்புநீர் என்கிறோமே அது, இருப்பதாகவும் அதில் தெரியவந்தது. எட்டுப் பெரியவர்கள் உட்காரும் ஒரு விருந்து மேசையை நினைத்துப் பாருங்கள். நாலு பேருக்குப் பிரஷர், இரண்டு பேருக்கு இனிப்புநீர். விருந்து அவர்கள் பெயரில்தான் நடக்கிறது. பல வீடுகளில் சமைப்பதும் அவர்களே. கடைசியில் தட்டைப் பார்த்துப் பயப்படுவதும் அவர்களே. இதை மாற்றலாமா என்று கேட்டால், "பரம்பரையாகச் செய்வதை எப்படி விடுவது?" என்கிறார்கள்.

பரம்பரை என்கிறோமே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். 24ஆம் தேதி இரவு இறைச்சி விருந்து அவ்வளவு பழையதல்ல. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளை மாற்றும் வரை, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கத்தோலிக்கத் திருச்சபையில் நோன்பு நாள், இறைச்சி கூடாது. போலந்து நாட்டில் இன்றும் அந்த இரவு மீனும் காய்கறியும்தான். இறைச்சி மறுநாள்தான். இங்கே எழுபது வயதைத் தாண்டிய கத்தோலிக்கர்கள் சிலருக்குச் சிறுவயது நோன்பு நினைவிருக்கலாம்.

வான்கோழி கதையும் அப்படித்தான். அது துரைமார் மேசையிலிருந்து வந்தது. மொழி படித்தவள் என்பதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஆங்கிலத்தில் அதற்குத் துருக்கி நாட்டின் பெயர். மலாயில் 'ஆயாம் பெலாண்டா', ஹாலந்துக் கோழி. பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவின் பெயரைச் சூட்டினார்கள். உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஜப்பானிலோ வான்கோழியே வேண்டாம். 1974இல் கேஎஃப்சி நாடு முழுக்க விளம்பரம் செய்ததிலிருந்து அங்கே பல குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் வாளியில் வரும் பொரித்த கோழி. அதைப் பின்பற்றச் சொல்லவில்லை. ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மேசை மாறியே வந்திருக்கிறது என்பதற்குச் சொன்னேன்.

நம் வட்டாரத்திலும் மாறியது. 2020 டிசம்பரில் பெருந்தொற்றுக் கட்டுப்பாடு. கூட்டம் கூட முடியவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளான் பகுதிகளும் மூழ்கின. ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். பல வீடுகளில் அடுப்பே இல்லை. யார் யாரோ சமைத்து அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். சீக்கியர்களின் குருத்வாராவிலிருந்துகூட வெள்ளப் பகுதிகளுக்கு உணவு போனது.

முதலில் மாற்ற வேண்டியது சமையலை அல்ல, நேரத்தை என்பது என் கருத்து. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர், நள்ளிரவுத் திருப்பலியோ ஆராதனையோ முடிந்து ஒரு மணிக்கு விருந்து என்று வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார். ஆனால் இன்சுலின் ஊசியையோ கிளிக்லசைட் மாத்திரையையோ வழக்கமான நேரத்தில் எடுத்துவிடுகிறார். மருந்து உள்ளே வேலை செய்கிறது, சாப்பாடு இல்லை. இரத்தத்தில் சீனி கிடுகிடுவென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். 'கூட்டத்தில் புழுக்கம்' என்று பக்கத்தில் இருப்பவர்கள் விசிறிவிடுவார்கள். அது புழுக்கம் அல்ல. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். குறைந்தே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சோறோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999க்கு அழையுங்கள்.

ஆகவே 24ஆம் தேதி இராச் சாப்பாட்டை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் முடித்துவிடுங்கள். கோயிலுக்குப் போகும்போது கைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். மருந்தின் அளவை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். வீடு திரும்பியதும் ஒரு துண்டு கேக், ஒரு கோப்பை சீனியில்லாத தேநீர், தூக்கம். விருந்தை 25ஆம் தேதி காலைப் பசியாறலுக்கோ மதியத்துக்கோ தள்ளிவையுங்கள். தோசையும் ஆட்டிறைச்சிக் குழம்பும் காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் சுவை குறைந்துவிடாது. சாப்பிட்ட பிறகு நடமாட முழுப் பகல் இருக்கிறது. பேரப்பிள்ளைகளும் தூங்கி விழாமல் சாப்பிடுவார்கள்.

அடுத்தது, யார் சமைப்பது. முப்பது பேருக்கு ஒருவரே சமைப்பதை 40 வயதில் செய்தோம் என்பதால் 70 வயதிலும் செய்ய வேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை. ஈரத் தரையில் ஆறு மணி நேரம் நிற்பதும், கனமான பானையைத் தூக்குவதும், நீரிழிவால் உணர்ச்சி மங்கிய காலில் எண்ணெய் தெறிப்பதும் விளையாட்டல்ல. பிள்ளைகளிடம் சொல்லத் தயங்குகிறீர்கள் என்பது தெரியும். ஆளுக்கொரு பதார்த்தம் என்று பிரித்துக்கொடுங்கள். இதைப் பொட்லக் என்று பிள்ளைகளே அலுவலகத்தில் செய்கிறார்கள். ஆனால் 'ஏதாவது கொண்டு வா' என்று விட்டுவிட்டால் ஐந்து வீட்டிலிருந்தும் மீஹூன் கோரெங்தான் வரும். அல்லது ஐந்து கேக். அதனால் பெரியவர் நீங்கள்தான் தொலைபேசியில் பிரித்துச் சொல்ல வேண்டும்: மூத்தவன் வீட்டில் கோழி, சின்னவள் வெள்ளரிப் பச்சடியும் கீரையும், மருமகள் பழம். உங்கள் கைக்கே உரிய ஒன்றை, அந்த ஆட்டிறைச்சிப் பிரட்டலை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அதையும் 23ஆம் தேதியே சமைத்துவிடலாம். ஆவி அடங்கியதும் சிறு பாத்திரங்களில் பிரித்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். மறுநாள் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து நிற்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு நன்றாகக் கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள். மசாலா ஊறிய கறிக்கு மறுநாள்தான் ருசி என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் சூடான குழம்பைக் காரில் இரண்டு மணி நேரம் மூடிக்கொண்டு வருவதைவிட, குளிர வைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து இங்கே கொதிக்க வைப்பது நல்லது. சமைத்த உணவை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது அமைச்சின் அறிவுரை. நம் வெயிலில், இரவு முழுக்க மேசையில் மூடிவைத்த பிரியாணி காலையில் வாசனையாகவே இருக்கும். கிருமி வாசனையில் தெரியாது.

கடையில் சொல்லிச் செய்வது மூன்றாவது வழி. சிலர் இதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹலால் கடையில் எடுத்தால் பக்கத்து மலாய்க் குடும்பமும் தயங்காமல் சாப்பிடும். டோங் சென் ஆலயம் இருக்கும் நம் ஊரில் சைவம் சாப்பிடும் சீன அண்டைவீட்டார் பலர். அவர்களுக்கென்று ஒரு தட்டு காய்கறி தனியாகச் சொல்லிவிடலாம். ஊராட்சி மன்றம் கொடுத்த தூய்மைத் தர அட்டை கடைச் சுவரில் இருக்கிறதா பாருங்கள். சாப்பிடும் நேரத்துக்கு ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னால் பல கடைக்காரர்கள் செய்வார்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு வருவதும் நல்ல யோசனை, கார் ஓட்டப் பிள்ளைகள் இருந்தால். நட்சத்திர ஹோட்டல் பஃபே மட்டும் மூத்தோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டியபின் 'கட்டிய காசுக்குச் சாப்பிடணும்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வரிசையில் நிற்க வேண்டும், குளிரும், சத்தத்தில் பேச்சும் கேட்காது.

தட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்பது தெரிந்ததே: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு இறைச்சியோ மீனோ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். பெருநாளன்று பிரியாணியே அந்தச் சோறு. அதன்மேல் ரொட்டியும் தோசையும் சேரக் கூடாது. ஆடு, கோழி, பன்றி மூன்றையும் ஒரே வேளையில் சமைப்பது விருந்தோம்பல் என்பதைவிடப் போட்டி. ஒன்றைச் சமையுங்கள், நன்றாகச் சமையுங்கள். தஞ்சோங் செப்பாட் பக்கத்திலிருந்து நல்ல மீன் கிடைத்தால் மீன் குழம்பு இன்னும் விசேஷம். இனிப்புநீர் உள்ளவர்களை அதிகம் ஏமாற்றுவது கேக்கைவிடச் சிரப் தண்ணீர். துண்டு கேக்கை எண்ணிச் சாப்பிடுகிறோம், தண்ணீரை எண்ணுவதில்லை. டயாலிசிஸ் செய்பவர்களுக்குச் சூப்பும் அகார் அகாரும் ஐஸும் நீர்க் கணக்கில் சேரும். விருந்தாளியாகப் போகும் அன்பர்களே, ஐந்து வீட்டுக்குப் போனால் ஐந்து வேளைச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது. ஒரு வீட்டில் சாப்பிடுங்கள், மற்ற வீடுகளில் ஒரு முறுக்கு, ஒரு வாய் தண்ணீர், நிறையப் பேச்சு.

தனியாக இருப்பவர்களைப் பற்றிச் சொல்லத்தான் அதிகம் நேரம் வைத்திருந்தேன். கணவரோ மனைவியோ போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ. "எனக்கு ஒருத்திக்கு எதற்குச் சமையல்?" என்று கிறிஸ்துமஸ் அன்று தேநீரும் கிரீம் கிரேக்கரும் சாப்பிட்டுப் படுத்துவிடும் அம்மாமார் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அதிகம் சாப்பிடுவதை மட்டுமே எச்சரிக்கிறோம். சாப்பிடாமல் இருப்பதும் மருந்தைக் குழப்பும், உடம்பை உருக்கும். மனச்சோர்வும் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பொருள் சாப்பாடு அல்ல. புதுமை என்பது முதல் பொருள், புதிதாக வந்தவர் என்பது அடுத்தது. வந்தவருக்குப் படைத்த சோற்றுக்கு அந்தப் பெயர் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. அப்படிப் பார்த்தால் தனியாக இருக்கும் ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்றால் போதும், விருந்து வந்துவிட்டது. கூப்பிடுகிறவர்கள் 'ஒருநாள் வாங்க' என்று பொதுவாகச் சொல்லாமல், 'புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு என் மகன் வந்து அழைத்து வருவான்' என்கிற மாதிரி நாளும் மணியும் வண்டியும் சேர்த்துச் சொல்லுங்கள். பொதுவான அழைப்புக்கு வயதானவர்கள் வர மாட்டார்கள். தொந்தரவு என்று நினைப்பார்கள். அழைக்கப்பட்டவரும் வெறுங்கையோடு வரக் கூசுவார். அதனால் அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். ஊறுகாய், துவையல், ஒரு டப்பா அச்சு முறுக்கு, எதுவானாலும் சரி. உங்கள் கோயிலில் பொது மதிய உணவு இருந்தால் அதுவும் நல்லது. இல்லையென்றால், மூன்று நாலு பேர் சேர்ந்து ஆலயப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு மணி தேநீருக்குக் கூடுவதும் போதும். ஒரு கெட்டில் தண்ணீரும் ஒரு தட்டுக் கொண்டைக்கடலைச் சுண்டலும் யாரையும் களைப்பாக்காது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். டிசம்பர் 25 பொது விடுமுறை. கிளினிக் திறந்திருக்காது. மருந்துப் பையை இன்று வீட்டுக்குப் போனதும் எடுத்து எண்ணிப் பாருங்கள். 24ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடும் என்றால் அந்த வாரத் தொடக்கத்திலேயே போய் வாங்கிவிடுங்கள். இன்சுலின் பேனாவுக்கு ஊசிமுனையும், சீனி சோதிக்கும் பட்டையும் இருக்கிறதா என்று அதே கையோடு பாருங்கள்.