காணியின் கொள்ளளவு

யாழ்ப்பாணத்திலே காணி வாங்க வருபவர் முதலிற் கேட்பது எத்தனை பரப்பு என்பதே. எத்தனை மாடி எழுப்பலாம் என்பது அண்மையில் வந்து சேர்ந்த கேள்வி. அதற்கு விடை தருவது தளப்பரப்பு விகிதம். எல்லா மாடிகளின் தளப்பரப்பையும் கூட்டி, காணியின் பரப்பால் வகுக்க வரும் எண் அது. நகரப் பகுதிகளில் அதற்கு எல்லை வகுப்பது 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகாரசபை. ஒரு பரப்பு பத்துப் பேர்ச். ஏறக்குறைய 2,722 சதுர அடி. விகிதம் 1.5 என வைத்துக்கொண்டால் 4,083 சதுர அடி கட்டலாம். நிலத்திற் பாதியை மூடினால் மூன்று மாடி.

கணக்கு இத்துடன் முடியும் ஊர்கள் உண்டு. குடாநாடு அவற்றுள் ஒன்றன்று. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராய்த் தங்குகிறது. அதே கல்வெடிப்புகள் வழியே மலக்குழிக் கழிவும் கிணற்றை அடையும். தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்ட பின்பும், கிணற்றையே நம்பும் மனைகள் பல. மூன்று மாடியிலே பல குடும்பங்கள் குடியேறினால் இறைப்பும் கழிவும் ஒருங்கே பெருகும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது வேண்டும் என்பர். சுண்ணக்கல்லில் அதுவும் போதாமற் போகலாம். 27 அடி முகப்புள்ள துண்டிலே, அயலவர் கிணறுகளையும் எண்ணினால், குழிக்கு இடமேது?

தலைமுறைதோறும் சீதனமாய்ப் பகுக்கப்பட்ட காணிகளிற் பல இத்தகைய துண்டுகளே. அவற்றின் உறுதிகளிலே கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். பிறர்க்கும் உரித்தான ஒழுங்கையிலே சுவர் எழுப்ப இயலாது. ஆதலால் நில அளவைப் படத்தில் ஒழுங்கையையும் கிணறுகளையும் குறித்து, எஞ்சும் நிலத்திலே கட்டடத்தை வரைந்து பார்க்க வேண்டும். மூன்று மாடி அப்பொழுது இரண்டாகக் குறையலாம். விலையைப் பேசவேண்டியது அந்த இரண்டுக்கே, அதுவும் உறுதி முடிக்குமுன்.